பொன்னுவேல் பார்த்து வாங்கிய கடைசல் மெஷின்

என் தம்பி பொன்னுவேல் மண்வெட்டிக்குப் பிடி வாங்கினாலும் கடையிலிருக்கிற பிடிகளையெல்லாம் எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பான். எதில் கோணல் இல்லையோ அதைத்தான் எடுப்பான். ஏற்காட்டுக் கடைக்காரர்களுக்கு அவனைக் கண்டால் சிரிப்பு. ஆனால் அவன் எடுத்துப் போன பிறகு மீதியில் நல்லது இருக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் அய்யன் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறி வந்து எஸ்டேட்டில் சேர்ந்தவர். அம்மா போனபோது எனக்கு வயது பதிமூன்று, பொன்னுவேலுக்கு ஆறு. அதன் பிறகு அவனுக்குச் சோறு போட்டது, தலை வாரியது எல்லாம் நான்தான். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். காப்பிக் கொட்டை பொறுக்கும் கொட்டகையில் வேலை. எழுத்து சுத்தமாக இருந்ததால் மூட்டைகளுக்கு எண் எழுதுவதையும் என்னிடமே கொடுத்தார்கள். இருபது வருஷத்தில் ஒரு மூட்டைக்குக்கூட எண் தப்பியதில்லை.

பொன்னுவேல் பல்ப்பர் கொட்டகையில் ஃபிட்டர். பல்ப்பர் என்பது காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியாகத் தள்ளும் மெஷின். அதற்குள் செப்புத் தகடு சுற்றிய உருளை சுழலும். உருளையைத் தாங்கும் இரும்புத் தண்டு தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டால் கொட்டை உடையும். அந்தத் தண்டைக் கழற்றிச் சேலத்துக்கு இறக்கி, ரயிலில் மதராஸுக்கு அனுப்பிப் புதிதாகக் கடைந்து வாங்க ஒன்றரை மாதம் ஆகும். பழம் அதுவரை காத்திருக்காது.

"மதராஸில கடையறதை ஏற்காட்டுல கடைய முடியாதுங்களா அக்கா? லேத்துங்கற கடைசல் மெஷினு ஒண்ணு இருந்தா போதுமுங்க" என்று அவன் என்னிடம் சொன்னது 1936ஆம் வருஷம் சித்திரை மாதத்தில். அப்போது அவனுக்கு இருபத்து நான்கு வயது. என் வீட்டுக்காரர் மாதையன் வண்டி ஓட்டுகிறவர். பஜாருக்குக் கீழே எங்களுக்குச் சொந்தமாகச் சின்ன வீடும் பின்னால் கொஞ்சம் இடமும் இருந்தன. அந்த இடத்தில் தகரம் போட்டு மெஷினை வைத்துக்கொள்வதென்று மூவரும் பேசி முடிவு செய்தோம்.

எஸ்டேட் துரை காதுக்கும் விஷயம் போனது. அவர் பொன்னுவேலைக் கூப்பிட்டு, "தீபாவளிக்குள் ஒரு தண்டு கடைந்து கொண்டு வா. மதராஸ் தண்டு மாதிரி இருந்தால் நம் எஸ்டேட்டோடு பக்கத்து இரண்டு எஸ்டேட் வேலையும் உனக்குத்தான். இல்லாவிட்டால் இந்தப் பேச்சை மறந்துவிடு" என்று சொல்லிவிட்டார். குப்பனூரில் அவனுக்குப் பெண் பேசியிருந்தோம். பெண்ணின் அப்பா ஐயாக்கண்ணுவும், "அந்த வேலை கைக்கு வரட்டுமுங்க, அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சுப்போடலாம்" என்றார். ஆக, எல்லாம் ஒரு தண்டில் வந்து நின்றது.

முதலில் பார்த்த மெஷின் ஏற்காட்டிலேயே இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போகும் ஒரு வயதான துரை, பொழுதுபோக்குக்காகப் பங்களாவில் வைத்திருந்தது. நானும் உடன் போனேன். பச்சைப் பெயிண்ட், பித்தளைப் பிடிகள், முகம் தெரிகிற பளபளப்பு. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பொன்னுவேல் சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, மெஷினின் நீண்ட இரும்பு அடிக்கட்டையின்மேல் விளிம்பு படும்படி நிறுத்தினான். அந்தக் கட்டையின்மேல்தான் உளி பிடித்த வண்டி முன்னும் பின்னும் ஓடும். பிறகு சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தைக் கிழித்து ஸ்கேலுக்கு அடியில் ஒவ்வொரு இடமாகச் செருகி இழுத்துப் பார்த்தான். வலது பக்கம் காகிதம் மாட்டிக்கொண்டது. இடது பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இங்க குழி உழுந்திருக்குதுங்க அக்கா."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே கண்ணு. வழவழன்னுதான இருக்குது?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. காயிதத்துக்குத் தெரியும்."

துரை சின்னச் சின்னச் சாமான்களையே கடைந்திருக்கிறார். வண்டி எப்போதும் இடது மூலையிலேயே ஓடியதால் கட்டை அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது. நீளத் தண்டு கடைந்தால் ஒரு முனை பருத்தும் மறு முனை சிறுத்தும் போகுமாம். வெளியே வந்ததும் அவன் இதை எனக்கு விளக்கினான். எனக்கு விளங்கியது. ஆனாலும் அந்தப் பச்சை மெஷின் மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது மெஷின் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. மூடிப்போன ஏதோ பட்டறையின் சாமான். பெயிண்ட் இல்லை, கறுத்துப்போய் எண்ணெய்ப் பிசுக்கோடு, சாணம் மெழுகியதுபோல் இருந்தது. காலால் மிதித்து ஓட்டுவது. பொன்னுவேல் காலையில் ஆரம்பித்தவன் மத்தியானம் வரை அதைவிட்டு நகரவில்லை. ஸ்கேலும் காகிதமும் வைத்துப் பார்த்தான். கடைய வேண்டிய கம்பியைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, ஆட்டம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தான். பல்சக்கரங்களை எண்ணி, ஒவ்வொரு பல்லாகத் தடவினான். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனப்பா, மெஷினு வாங்க வந்தயா, பொண்ணு பாக்க வந்தயா?"

"பொண்ணுன்னா இத்தனை நேரம் பாக்க உடமாட்டாங்களேங்க" என்றான் பொன்னுவேல்.

கடைக்காரரே சிரித்துவிட்டு, ஒரு கம்பியைக் கொடுத்துக் கடைந்து பார்க்கச் சொன்னார். கடைந்து, இரு முனையின் பருமனையும் காலிப்பர் என்ற இரண்டு கால் கவையில் அளந்தான். காலிப்பரை என் கையில் கொடுத்து என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னான். இரண்டு முனையிலும் ஒரே இறுக்கம். "இதுதானுங்க அக்கா. அழுக்கைப் பாக்காதீங்க. அடியில நல்ல எலும்பு" என்றான்.

லாரிக்காரர் மெஷினை முழுதாக ஏற்ற மறுத்ததால் கழற்றிக் கொண்டுவந்தோம். இருபத்தேழு உருப்படி. ஒவ்வொன்றின்மேலும் சுண்ணக்கட்டியால் நான்தான் எண் போட்டேன். காப்பி இறக்கிவிட்டு அரிசி ஏற்றி வரும் லாரியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே அது மலையேறியது. எங்கள் வீட்டில் இறக்கியபோது பஜாரே வந்து பார்த்தது. பல்ப்பர் கொட்டகை மேஸ்திரி சின்னையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தொரை ஊட்டு மெஷினு தங்கமாட்டம் இருக்க, இந்தக் கரிச்சட்டியத்தான் கொண்டாந்தயாக்கும்" என்றார். மாதையனும் விடவில்லை. "இந்த எடத்துல எருமையைக் கட்டியிருந்தா பாலாச்சும் கறந்திருக்கலாம் மாப்ளே."

"தீபாவளி வரைக்கும் பொறுங்க மாமா, இதுவும் கறக்கும்" என்றான் அவன்.

பூட்டி, நிறுத்தி, சமம் பார்த்து முடிக்க ஆவணி ஆகிவிட்டது. சோதனைக்காகச் சின்னச் சாமான்கள் கடைந்தான். என் அரிவாள்மனைக்கு ஒரு ஆணி கடைந்து கொடுத்தான். இன்றும் அது ஆடாமல் இருக்கிறது. மலையில் பனி இறங்கினால் இரும்பு துரு ஏறிவிடும் என்பதற்காக மெஷின் முழுக்கக் கெட்டி எண்ணெயைப் பூசி வைப்பான். அது தூசியைப் பிடித்து இன்னும் கறுக்கும்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

எங்கள் எஸ்டேட்டில் ஆயுத பூசைக்கு முன் பல்ப்பரின் செப்பு உருளைகளைக் கழற்றி வெளியே வைப்பார்கள். கொட்டை பொறுக்கும் பெண்கள் நாங்கள் ஆளுக்கொன்றாக எடுத்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்போம். துரைசானி வந்து பார்ப்பார். எந்த உருளை அதிகமாக மின்னுகிறதோ அதைத் தேய்த்தவளுக்குப் புடவை. நான் ஏழு புடவை வாங்கியிருக்கிறேன். மெஷினைச் சுத்தம் செய்வதென்றால் எங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

அந்த வருஷம் பூசைக்கு முந்தின நாள், துரைக்கான தண்டு கடைய, ஒன்றிரண்டு வீணானாலும் இருக்கட்டும் என்று மூன்று எஃகுக் கம்பி வாங்க பொன்னுவேல் சேலத்துக்குப் போயிருந்தான். நான் தகரக் கொட்டகையைப் பெருக்கப் போனேன். ஊரே மின்னும் நாளில் அந்த மெஷின் மட்டும் கறுப்பாக நின்றது. சின்னையன் சொன்ன கரிச்சட்டி நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளைக் கூப்பிட்டேன்.

"இதையுமா தேய்க்கோணும்? எருமையக் கழுவறாப்பல இருக்குமே அக்கா" என்றாள் அவள்.

"நாளைக்கு வந்து பாக்கறவங்க வாயடைச்சுப் போகோணும். நல்ல செங்கலாப் பாத்து இடிச்சுக் கொண்டா."

சாம்பலால் எண்ணெயைத் துடைத்தோம். அடிக்கட்டையை நுனி முதல் அடி வரை புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தோம். மேலோட்டமாகச் செய்து பழக்கமில்லாதவள் நான். ஸ்பிண்டிலின் இரண்டு பக்கத்திலும் அதைத் தாங்கும் வெண்கல வளையங்கள் உண்டு. புஷ் என்பார்கள். அவற்றின்மேல் எண்ணெய் விடச் சின்ன மூடி போட்ட துளைகள் இருந்தன. மூடியைத் திறந்து உள்ளேயும் பொடியைப் போட்டு, ஈர்க்குச்சியில் நார் சுற்றி விட்டுக் குடைந்தேன். மறுபக்கமும் சுத்தமாக வேண்டுமே என்று வெள்ளையம்மாளை மிதிக்கச் சொன்னேன். அவள் மிதித்தாள், ஸ்பிண்டில் சுற்றியது. நறநறவென்று சத்தம் வந்தது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு குடம் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். வெள்ளி மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியவன் கம்பியைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்றுவிட்டான்.

"எப்படி இருக்குது சாமி?"

அவன் கம்பியைச் சுவரில் சாய்த்தான். எண்ணெய்த் துளையின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். விரலை விட்டு எடுத்தான். விரலில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. குங்குமம் என்று நினைத்தேன். அதை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"கண்ணாடியாட்டம் இருக்குதுங்க அக்கா."

"தொரை ஊட்டு மெஷினையும் இதையும் பக்கத்துல நிறுத்தினா எது நல்லா இருக்கும், சொல்லு?"

"இதுதானுங்க" என்றான்.

பூசை முடிந்ததும் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு மூன்று நாள் மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, சமம் பார்க்கிறேன் என்றான். அவன் எப்போதும் இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பவன்தானே என்று நானும் விட்டுவிட்டேன். பூட்டி மிதித்தபோது பழைய சத்தம் இல்லை. அதுவரை அந்த மெஷின் தாலாட்டுவதுபோல ஓடும். இப்போது கரகரவென்றது. முதல் கம்பி வீணானது. இரண்டாவதும் வீணானது. ஸ்பிண்டில் ஆடியதால் தண்டு வட்டமாக வரவில்லை. கண்ணுக்கு வட்டமாகத் தெரியும், காலிப்பருக்குத் தெரியாது. தகரத்தை மெல்லிசாக வெட்டிச் செருகி, ஆட்டத்தைக் குறைத்து மூன்றாவது தண்டை முடித்தான். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது.

துரை முன்னிலையில் பல்ப்பரில் அதைப் பூட்டினார்கள். கால் மணி நேரம் ஓடியது. தண்டின் தாங்கிகள் சூடாகிப் புகைந்தன, கொட்டை உடைந்து வந்தது. துரை நிறுத்தச் சொன்னார். திட்டவில்லை. பழைய தண்டை மதராஸுக்கு அனுப்பும்படி ரைட்டரிடம் சொல்லிவிட்டுக் குதிரை ஏறிப் போய்விட்டார்.

சின்னையன் எல்லோர் காதிலும் விழும்படி, "நானு அன்னிக்கே சொன்னன். இவன் பாத்து வாங்கினது ஓட்டை லேத்து" என்றார். அன்றிலிருந்து என் தம்பிக்கு அதுவே பெயர். ஓட்டை லேத்து பொன்னுவேல். ஐயாக்கண்ணு கார்த்திகையில் பெண்ணை ஆத்தூருக்குக் கொடுத்துவிட்டார்.

சின்னையன் சொன்னது போகட்டும். நானும் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "நாலு பேரு அந்தப் பச்சை மெஷினை வாங்கச் சொன்னாங்க. நானும் சொன்னன். காயிதத்தை வெச்சுப் பாத்தயே, என்னத்தக் கண்ட?"

அவன் சோற்றைப் பிசைந்தபடியே, "என்ற கண்ணு ஏமாந்து போச்சுங்க அக்கா" என்றான்.

புது புஷ் வார்த்துப் போட்டால் சரியாகாதா என்று மாதையன் கேட்டார். ஸ்பிண்டிலிலேயே கோடு விழுந்துவிட்டது, அதை மாற்ற மெஷினின் விலையில் பாதி வேண்டும் என்று மட்டும் சொன்னான். கோடு எப்படி விழுந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தை மாதம் சேலத்தில் ஒரு பட்டறைக்குக் கூலிக்குக் கடைய இறங்கிப் போய்விட்டான். மெஷினைச் சாக்குப் போட்டு மூடினோம். மூன்றாம் வருஷம் யுத்தம் வந்தது. பிறகு எந்தச் சாமானும் கிடைக்கவில்லை.

1943இல் மாரிசாமி என்று ஒருவர் மெஷினைக் கேட்டு வந்தார். சேலத்தில் முப்பது வருஷம் கடைசல் வேலை செய்தவர். நான் சாக்கை எடுத்துக் காட்டினேன். அவரும் என் தம்பியைப் போலவே ஸ்கேலையும் காகிதத்தையும் எடுத்தார். நீள நெடுகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதைப் பாத்து எடுத்தது யாருங்க?"

"என்ற தம்பிங்க."

"நொம்பத் தெளிஞ்ச கண்ணுங்க அவருக்கு. இந்தப் பழசுல இப்படி ஒரு கட்டை நானு பாத்ததில்லை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் புஷ்ஷின் மேல்பாதியைக் கழற்றினார். உள்பக்கம் உழுத வயல் மாதிரி கோடு கோடாக இருந்தது. நகத்தை வைத்து ஒரு கோட்டிலிருந்து எதையோ நெம்பி எடுத்து, கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தார். சிவப்பு.

"செங்கப்பொடிங்க. எந்தப் பாவியோ இதுக்குள்ள செங்கப்பொடியப் போட்டுத் தேச்சிருக்கறான். பொடி வெண்கலத்துல பதிஞ்சு அரமாட்டம் இரும்பை அராவிருச்சு. நல்ல மெஷினைக் கொன்னு போட்டானுங்க."

எந்தப் பாவி என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. மெஷினைக் கொடுத்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கொட்டகையில் வேலை இல்லை. யுத்த காலமானதால் ஞாயிறும் பட்டறை ஓடியது. பஸ் ஏறிப் பட்டறைக்கே போய்விட்டேன்.

பொன்னுவேல் யாருடைய மெஷினிலோ குனிந்து நின்றான். முப்பத்தொரு வயதில் முன்தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பட்டறைக்காரரிடம், "எங்க அக்காங்க. கொட்டை பொறுக்கறதுல சேர்வராயன் மலையிலயே இவங்க கைக்கு மிஞ்சின கை இல்லைங்க" என்றான்.

வாசலில் வேப்பமரத்தடிக்கு அவனை அழைத்துப் போனேன். "நாந்தானே கண்ணு? செங்கப்பொடி போட்டு நாந்தானே கெடுத்தன்?"

"எதுங்க?"

"மாரிசாமி கழட்டிக் காட்டிட்டாரு. அன்னிக்கு நீ விரலை உட்டுப் பாத்தயே, உனக்கு அப்பவே தெரியும்."

"அவருக்கென்னங்க தெரியும்" என்று சிரித்தான். "அது பழைய தேய்மானமுங்க அக்கா. செங்கப்பொடி எண்ணெயில கரைஞ்சு போயிருமுங்க. நானு வாங்கறப்பவே புஷ்ஷுல கோடு இருந்துது. பாக்காம உட்டுட்டன்."

செங்கல் பொடி எண்ணெயில் கரையாது. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். "ஏஞ்சாமி, ஒரு வார்த்தை என்னைத் திட்டிப்போடு" என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. பசியோட போகாதீங்க" என்று ஓட்டலில் இட்டலி வாங்கிக் கொடுத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தான்.

1945 மாசியில் குடற்காய்ச்சல் வந்து பதினோரு நாளில் போய்விட்டான். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. உடம்பை மலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எஸ்டேட் சனம் முழுக்க வந்திருந்தது. பந்தியில் சின்னையன் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "நல்ல வேலைக்காரன். அந்த மெஷினை மட்டும் ஒழுங்காப் பாத்து வாங்கியிருந்தான்னா மகாராசனா இருந்திருப்பான். பாக்கத் தெரியாமப் போச்சு."

நான் பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"அவனுக்குப் பாக்கத் தெரியுமுங்க. அவன் வாங்கினது நல்ல மெஷினு. கெடுத்தது நானு. ஆயுத பூசைக்குப் புளியும் செங்கப்பொடியும் போட்டு, எண்ணெய் விடற ஓட்டைக்குள்ள விட்டுக் குடைஞ்சு தேச்சன். வெள்ளையம்மாளக் கேட்டுப் பாருங்க."

வெள்ளையம்மாள் கையில் இலையோடு நின்றபடி, "தேச்சமுங்க. நெசந்தான்" என்றாள். "ஆனா வருசா வருசம் பல்ப்பரையும் அப்படித்தான தேய்க்கறம்? அது கெட்டா போச்சு?"

"அதான பாரு" என்றார் ஒருவர். செம்பு உருளை வேறு, ஸ்பிண்டில் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். புஷ், கோடு, அரம் என்று மாரிசாமி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள். இருபது வருஷமாகத் தம்பி புராணம் பாடி அவர்கள் காதைப் புளிக்க வைத்தவள் நான். இதையும் அந்தப் புராணத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்பது முகங்களைப் பார்த்ததும் தெரிந்தது.

சின்னையன் இலையிலிருந்து எழுந்து வந்து, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னார். "செத்தவன் பேரு கெடக்கூடாதுன்னு பழியை உன்ற மேல போட்டுக்கற. கூடப் பொறந்தவ அப்படித்தான் சொல்லுவ. போ அருக்காணி, போய்க் கொஞ்ச நேரம் உக்காரு. மோரை வேற யாராச்சும் ஊத்தட்டும்."

மாதையன் வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குள் போனார்.